புகைக்குழாயில் ஒரு பூட்டு

போன வியாழக்கிழமை காலையில் கவிதா போன் செய்தார். அடையாறு ஆற்றை ஒட்டிய ஒரு பள்ளி வளாகத்தில் முப்பத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே பராமரிப்புப் பிரிவை இப்போது பார்த்துக்கொள்வது கவிதாதான்.

“சார், நம்ம சின்ன டிராக்டரோட புகைக்குழாய் உச்சியில ஒரு பித்தளைப் பூட்டு தொங்குதே, அதுக்குச் சாவி எங்க? புது டிரைவர் வந்திருக்கார். திங்கக்கிழமை புல் வெட்ட ஆரம்பிக்கணும். ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க சார், புகையை யாராவது திருடிட்டுப் போயிடுவாங்களான்னு.”

நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“சாவி இல்லேன்னா சொல்லுங்க, உடைச்சிடறேன். இன்னும் ரெண்டு டிராக்டர் வரப்போகுது. அதுலயும் இதே மாதிரி குழாயை மாத்தணும்னு சொல்லியிருக்காங்க. ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்.”

“எழுதித் தர்றேம்மா. பூட்டை மட்டும் உடைக்காதீங்க” என்றேன். போனை வைத்த பிறகு காபி இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, புல் காய்ந்திருக்கும், அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லாமலே வண்டி கிளம்பப் போகிறது. அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த பேர்வழி. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேஸ் அடுப்பைப் பார்ப்பேன். “உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு தீயணைப்பு வண்டியைக் கட்டிக்கிட்டிருக்கலாம், மணியாவது அடிக்கும்” என்பாள் என் மனைவி. இந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை. வந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

பிறந்தது வடபழனி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கிண்டி தொழிற்பேட்டையில் சைலன்சர் செய்யும் பட்டறை ஒன்றில் ஆறு வருடம் குழாய் வளைத்தேன். குழாய்க்குள் மணலை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்துச் சூடாக்கினால்தான் நெளியாமல் வளையும் என்பதையும், அவசரத்தில் வைத்த வெல்டு அடுத்த மழைக்குத் தாங்காது என்பதையும் அங்கே கற்றுக்கொண்டேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் பள்ளி வளாகத்தில் வேலை கிடைத்தது.

அங்கே என் மேலதிகாரி லூர்து சார். மயிலாப்பூர்க்காரர். அவர் குடும்பத்தில் பல தலைமுறையாக எல்லாரும் வாத்தியார்கள், இவர் ஒருவர்தான் ஸ்பேனர் பிடித்தவர். ஆனாலும் வாத்தியார் புத்தி போகவில்லை. யார் என்ன தப்பு செய்தாலும் குரலை உயர்த்த மாட்டார். நீளமான நோட்டு ஒன்றை நம் பக்கம் தள்ளி, “எழுது” என்பார். “பார்த்ததை எழுது. நினைச்சதை எழுதாதே.” நினைத்ததை எழுதியிருந்தால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மறுபடி நோட்டைத் தள்ளுவார். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

வளாகத்தில் புல் வெட்டவும் குப்பை இழுக்கவும் ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார்கள். மரங்களுக்கு நடுவே புகுந்து வரும் அளவுக்குக் கையடக்கமான டீசல் வண்டி. ஓட்டியவர் முனுசாமி. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவர். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, வாய்க்கு வாய் “மெக்கானிக்கு”தான்.

அந்த வண்டியில் சைலன்சர் என்ஜினுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக இருந்தது. புகைக்குழாய் முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பச்சைப் புல்லுக்கு அது போதும். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் காய்ந்த புல்லுக்குள் போனால், புல் உள்ளே புகுந்து சைலன்சருக்கும் சட்டத்துக்கும் நடுவே மெத்தை மாதிரி அடைந்துகொள்ளும். தினமும் குனிந்து பார்த்து அதை எடுத்துப் போடுவது என் வேலை.

ஒரு மத்தியானம் தெற்கு மைதானத்திலிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இடுப்பளவு புல் எரிந்துகொண்டிருந்தது. அடியில் நெருப்பு தொங்கும் வண்டியை விட்டுவிட்டு முனுசாமி இறங்கி ஓடவில்லை. அதை சிமெண்ட் பாதைக்கு ஓட்டி வந்து நிறுத்தி, மண்ணை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் ரோமம் கருகியிருந்தது. மைதானத்தின் மறுகோடியில் விடுதிச் சமையற்கட்டு. அதன் பின்சுவரை ஒட்டித்தான் கேஸ் சிலிண்டர் ஷெட். விடுதிப் பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றினார்கள். ஷெட்டுக்குப் பத்தடி இருக்கும்போது நெருப்பு அடங்கியது. அந்தப் பத்தடியை இன்றைக்கும் நான் காலால் அளந்து காட்டுவேன்.

மறுநாள் நிர்வாகியாக இருந்த ஃபாதர் எங்களைக் கூப்பிட்டார். எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பீடித்துண்டு கிடைத்திருந்தது. முனுசாமி பீடி குடிப்பவர் என்பது வளாகத்துக்கே தெரியும். ஃபாதர் என்னைப் பார்த்து, “வண்டி சரியா இருந்துச்சா மாணிக்கம்?” என்றார்.

அன்று காலை நான் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் குனிந்து பார்க்கவில்லை. முதுகு வலி. முந்தின நாளும் பார்க்கவில்லை.

“சரியா இருந்துச்சு ஃபாதர்” என்றேன். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முனுசாமியை மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே அவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். “பீடி குடிப்பேன், இல்லேன்னு சொல்லல. ஆனா வண்டி மேல குந்திக்கினு புடிக்க மாட்டேன். உனுக்குத் தெரியும்ல மெக்கானிக்கு?”

“தெரியும் முனுசாமி. நான் ஃபாதர்கிட்ட பேசறேன்” என்றேன்.

பேசவில்லை. முதல் நாள் ஃபாதர் வெளியூர் போயிருந்தார். இரண்டாம் நாள் கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் நாள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார், நான் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். முனுசாமிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டுமே அந்தப் பள்ளியில்தான் சலுகையில் படித்தன. வேலை போனால் படிப்பும் போகும். இதெல்லாம் தெரிந்தும் பேசவில்லை. எனக்கும் வேலை போய்விடுமோ என்று பயந்தேன், வேறொன்றும் இல்லை.

கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் இருந்த லூர்து சார் நாலாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நான் எழுதிய தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

“‘வண்டி சரியாக இருந்தது.’ இது பார்த்ததா மாணிக்கம், நினைச்சதா?”

அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. “வண்டியை எடு” என்றார்.

அவர் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், கவிதா அதை அப்படியே செய்து பார்க்க வேண்டும். எரிந்த அதே மைதானத்தின் மிச்சப் பகுதியிலிருந்து ஒரு கட்டுப் புல்லை அறுத்துவரச் சொன்னார். புல்வெட்டியை மாட்டி, நல்ல இழுவையில் அரைமணி நேரம் வண்டியை ஓடவிட்டோம். பிறகு சிமெண்ட் தரையில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், சைலன்சருக்கும் சட்டத்துக்கும் நடுவே புல்லைக் கையால் அழுத்தாமல் குச்சியால் தள்ளி வைத்தார். பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு ஈரக் கோணி. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“நிறம் மாறினா சொல்லு. புகைஞ்சா சொல்லு. சிவந்தா சொல்லு. நடுவுல பேசாதே.”

ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மனதுக்குள் நான் வேண்டிக்கொண்டதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பற்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பற்றாவிட்டால் முனுசாமியின் வேலை போகும், என் கையெழுத்து பிழைக்கும். எட்டாவது நிமிடம் புல் பழுப்பேறியது. “நிறம் மாறுது சார்.” கொஞ்ச நேரத்தில் நூலாகப் புகை. “புகையுது சார்.” பதினோராவது நிமிடம் ஒரு புல்லின் நுனியில் சிவப்பு ஊர்ந்தது. சொல்ல வாய் வரவில்லை.

“சிவந்துடுச்சா?” என்றார். கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் சொன்னால்தான் உண்டு.

“சிவந்துடுச்சு சார்.”

ஈரக் கோணியைப் போட்டு அணைத்தார். நோட்டை என் பக்கம் தள்ளினார். குனிந்து பார்க்காததையும் சேர்த்து எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அவரே ஃபாதரிடம் போனார். மறுநாள் முனுசாமி வேலைக்கு வந்துவிட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். முனுசாமி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அதன் பிறகுதான் புகைக்குழாயை மாற்றினோம். சைலன்சரை உள்ளேயிருந்து வெளியே எடுத்து, பானெட்டின் வலது பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தினேன். பழைய பட்டறைக்கே போய் மணல் நிரப்பிக் குழாய் வளைத்துக்கொண்டு வந்தேன். சைலன்சரைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுத் தகடு. புகை வெளியே வரும் வாயில் எவர்சில்வர் கம்பிவலையால் ஒரு குல்லாய். என்ஜினிலிருந்து பறக்கும் கரித்துகள் நெருப்போடு வெளியே போகாமல் அந்த வலை தடுக்கும். ஆனால் வலையில் கரி அடையும். வாராவாரம் கழற்றி பிரஷ் போட்டுத் தட்டாவிட்டால் புகை போக வழியில்லாமல் வண்டி திணறும்.

லூர்து சார் அதே புல்லை வைத்து அதே வாளிமேல் உட்கார்ந்து அரைமணி பார்த்தார். நிறம்கூட மாறவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முனுசாமி மட்டும் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“கீழ கீறத மேல ஏத்திட்ட. மேல இன்னா கீதுன்னு பாத்தியா மெக்கானிக்கு?”

“மேல ஆகாயம்தான் இருக்கு. அது பத்திக்காது” என்றேன். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் மாதா திருவிழா வந்தது. வளாகத்துக்குள் இருக்கும் சிற்றாலயத்திலிருந்து மாதா சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, டிராக்டரில் மாட்டி இழுத்து, இரண்டு தெரு சுற்றிவருவது வழக்கம். கேட்டிலிருந்து ஆலயம் வரைக்கும் தென்னங்கீற்றுப் பந்தல். மழை தள்ளிப்போய் கீற்றெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

திருவிழா வேலையில் மூன்று வாரமாக நான் வலையைக் கழற்றித் தட்டவில்லை. அன்று மத்தியானம் ஒத்திகைக்குச் சப்பரத்தை மாட்டினால், கேட் மேட்டில் வண்டி ஏறவில்லை. கறுப்பாகப் புகைகிறது, இழுவை இல்லை. கரி கல்லாக இறுகியிருந்தது, பிரஷுக்கு அசையவில்லை. ஊறவைத்துச் சுத்தம் செய்ய நேரமில்லை. வலையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வண்டி குஷியாக மேடு ஏறியது.

“மாட்டிடு மெக்கானிக்கு. நல்லா இல்ல.”

“ஒருநாள்தானே முனுசாமி. சப்பரம் திரும்பினதும் மாட்டிடறேன்.”

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. வெளியே போகும்போது பந்தலைக் கடந்ததில் ஒன்றும் ஆகவில்லை. நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். ஒவ்வொரு முனையிலும் ஜெபம், பாட்டு, மறுபடி ஜெபம். அதுவரைக்கும் வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. அப்படி நின்று ஓடினால் குழாய்க்குள் கரி சேரும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. கடைசி முனையில் முனுசாமி ஆக்சிலேட்டரை அழுத்தினார். குழாய் வாயிலிருந்து பொறிகள் கொத்தாகப் பறந்தன. குழந்தைகள் மத்தாப்பு என்று நினைத்துக் கைதட்டின. மேலே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். தெருவில் ஆகாயம். கேட்டுக்குள் நுழைந்தால் கீற்று, குழாய்க்கு ஒரு முழம் மேலே. பந்தலுக்குள் பாய் விரித்துப் பெண்களும் குழந்தைகளும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

கத்தினேன். பேண்டு வாத்தியச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள், கேட்டுக்கு இருபதடி முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. முனுசாமி என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“வண்டியை எடுங்க, வண்டியை எடுங்க” என்று மைக்கில் சொல்கிறார்கள். வாத்தியம் நின்றது. ஃபாதர் வேகமாக வந்தார். “என்ன முனுசாமி?”

“உள்ள ஓட்ட மாட்டேன் ஃபாதர்.”

“ஏன்?”

முனுசாமி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர், “தண்ணி போட்டுக்கினு வந்துகீறான், வேறென்ன?” என்றார். இன்னொருவர், “போன தடவை புல்லைக் கொளுத்தினவன்தானே இவன்” என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டு முனுசாமி அப்படியே நின்றார். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. எனக்காக நின்றார் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார், நான் பேசறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். இப்போது என்ன செய்கிறேன் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

என் கை பாக்கெட்டில் வலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேர்வையில் கரி கரைந்து சட்டையெல்லாம் கறுப்பு. அதை வெளியே எடுத்து ஃபாதரிடம் நீட்டினேன்.

“இதை நான் கழட்டிட்டேன் ஃபாதர். பொறி பறக்குது. உள்ள போனா பந்தல் பத்திக்கும். அவர் மாட்டச் சொன்னார், நான்தான் கேக்கல.”

ஃபாதர் வலையைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. டிராக்டரைக் கழற்றி ஓரம் கட்டச் சொன்னார். வாத்தியக்காரர்களும் பையன்களும் சேர்ந்து சப்பரத்தில் கயிற்றைக் கட்டி ஆலயம் வரை இழுத்தார்கள். அன்றிலிருந்து கேட்டுக்குள் கயிறுதான். இப்போது வருகிறவர்கள் அதை ஏதோ பழைய நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டு, கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

சொரூபத்தை இறக்கும்போது லூர்து சார் என்னைக் கூப்பிட்டார். மாதாவின் தலைக்கு மேல் பிடித்திருந்த பட்டுக்குடையை விரித்துக் காட்டினார். மிளகு அளவில் ஏழெட்டுக் கருகிய ஓட்டைகள். என் கையில் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வீட்டுக்குப் போய் அடுப்பை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். சிவப்பு மை எதையும் அடிக்கவில்லை. பிறகு குழாயை ஒரு முழம் குறைத்தோம். வலைக்குல்லாயில் ஒரு கொண்டி வைத்து வெல்டு செய்யச் சொன்னார் லூர்து சார். மயிலாப்பூர்த் தேரடியில் வாங்கிய சின்னப் பித்தளைப் பூட்டை அதில் மாட்டிப் பூட்டினார். சாவியை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் முனுசாமியிடம் கொடுத்தார்.

“மெக்கானிக் கேட்டா யோசிச்சுக் குடு. சுத்தம் பண்ணி மாட்டற வரைக்கும் பக்கத்துலயே நில்லு.”

“ஒரே சாவிதானே சார். தொலைஞ்சுட்டா?” என்றேன்.

“தொலைஞ்சா பூட்டை உடை. உடைச்சா எல்லாருக்கும் தெரியும்.”

அதன் பிறகு வாராவாரம் நான் முனுசாமியிடம் போய்ச் சாவி கேட்டேன். அவர் இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். முதல் சில மாதம் அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அவர் நிற்காவிட்டால் எனக்கு வேலை ஓடவில்லை. லூர்து சார் இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, முனுசாமி ஓய்வு பெற்று இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமாக வண்டி ஓடாமல்தான் நின்றது.

இதுவரை எழுதிவிட்டு, நேற்று காலை சாவியை வாங்க முனுசாமி வீட்டுக்குப் போனேன். கைலியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மெக்கானிக்கு, வழி தெரிஞ்சுதா?”

விஷயத்தைச் சொன்னேன். சாவி அதே இடுப்புக் கயிற்றில்தான் இருந்தது. அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன்.

“யாருக்கு?”

“கவிதா மேடம் கேக்கறாங்க. திங்கக்கிழமை வண்டி எடுக்கணுமாம்.”

“மேடம் ஓட்டப் போறதில்லியே. ஓட்டறவனுக்குத்தான் இந்தச் சாவி. வந்துகீறவன் பேரு இன்னா?”

எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து பூட்டு, புல், வெயில், நெருப்பு என்று எல்லாவற்றையும் நினைத்து நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவன், வண்டிமேல் உட்காரப் போகிறவர் யார் என்று கேட்கவே இல்லை. முனுசாமி விரல்களை மடக்கிக்கொண்டார்.

“இன்னும் நீ மாறல மெக்கானிக்கு.”

அவர் வாசலில் நின்றபடியே கவிதாவுக்குப் போன் போட்டேன். “அம்மா, புது டிரைவர் பேரு என்ன?”

“ஒரு நிமிஷம் சார்” என்றார் கவிதா. “கேட்டுச் சொல்றேன்.”